நடந்து போனவர்களை நகரத்தைவிட்டு அனுப்பினோம்

சென்னையில் கரியமில வாயுவை மிகக் குறைவாக வெளியிட்டு வாழ்ந்தவர்கள், கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டிருந்தவர்கள்தான். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு அவர்கள் விடியுமுன் நடந்தே போனார்கள். பாரிமுனையில் மூட்டை தூக்கியவருக்கு ஒரு சைக்கிள் போதுமானதாக இருந்தது. மயிலாப்பூரிலும் கோட்டூர்புரத்திலும் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு வேலையிடம் பத்து நிமிட நடைதான். வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, கடை எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும், அப்படி அமைந்த நகரமே புவி வெப்பத்துக்கு மருந்து என்று உலகெங்கும் நகரத் திட்ட வல்லுநர்கள் இன்று பேசுகிறார்கள். இந்த மக்கள் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீர், கழிப்பறை, வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவைதான் அவர்களுக்கு இல்லாதிருந்தன. அவற்றைக் கொடுக்க வேண்டிய அரசு, அவர்களிடம் இருந்த ஒரே செல்வமான இடத்தைப் பறித்துக்கொண்டு, 20 முதல் 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

இதை நிர்வாகக் கோளாறு என்றோ திட்டமிடலில் நேர்ந்த பிசகு என்றோ சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் ஒப்பவில்லை. இது அநீதி. கால் நூற்றாண்டாக இரண்டு கட்சிகளின் ஆட்சியும் மாறி மாறிச் செய்த அநீதி. நீதிமன்ற உத்தரவுகள் துணை நின்ற அநீதி. வசதியுள்ள சென்னை கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த, பல சமயம் கேட்டு வாங்கிய அநீதி. இதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் ஏழைகள். இப்போது வெள்ளமாகவும் புகையாகவும் எட்டாத வாடகையாகவும் நகரம் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வேறு வழி தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் முடியாது. 1970-ல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் வாசகத்தைக் குறிக்கோளாகக் கொண்ட அந்த வாரியம், முதல் சில ஆண்டுகள் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. அந்தக் கட்டடங்களின் தரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். ஆனால் அங்கே குடியேறியவருக்கு வேலை போகவில்லை, பிள்ளையின் பள்ளி மாறவில்லை. பிறகு 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், வடிகால் போட்டுச் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழைகளும் நடுத்தர வருமானக்காரர்களும் கலந்து வாழும்படி மனையளவுகள் அமைந்தன. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். முதலில் ஓர் அறை, பிறகு மாடி, பிறகு மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், கீழே ஒரு மளிகைக் கடை என்று அந்தத் தெருக்கள் வளர்ந்தன. இன்று அரும்பாக்கத்தில் மெட்ரோ நிற்கிறது, வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் நிற்கிறது. சென்னை செய்த நல்ல காரியங்களைப் பட்டியலிட்டால் அதை முதல் வரிசையில் வைக்க வேண்டும். ஏனோ நாம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதே இல்லை.

அந்த வழி கைவிடப்பட்டது. 2000-ல் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் வந்தது. படிப்படியாக அங்கே 15,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லாதவை. 2004 சுனாமியை அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,700-க்கும் மேற்பட்ட வீடுகள். அதன்பின் ஜவாஹர்லால் நேரு பெயரில் மத்திய அரசு நடத்திய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள், அவற்றில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு கரையோரக் குடும்பங்களைச் சாரி சாரியாக லாரியில் ஏற்றினார்கள். பல இடங்களில் பள்ளி ஆண்டின் நடுவிலேயே இது நடந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை பொதுத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பள்ளியை விட வேண்டும், அல்லது விடியற்காலை பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே வந்து போக வேண்டும். படிப்பை விட்ட பிள்ளைகள் நிறைய.

பெரும்பாக்கத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் கீழே காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் போதும், இந்தக் கொள்கையின் முழுக் கணக்கும் தெரிந்துவிடும். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் பெண்கள் குடத்தோடு ஆறாவது, ஏழாவது மாடிக்கு ஏறுகிறார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நாலாவது மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மறுபடி தூக்குகிறார்கள். அதற்குள் பஸ் ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வெள்ளை போர்டு பஸ் வந்தால்தான் அவர்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம், அதனால் மற்ற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறார்கள். மயிலாப்பூருக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். காலையில் ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்ற வீடு இவரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை வைத்துக்கொள்கிறது. நாலு வீட்டு வேலை இரண்டாகிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த இரண்டும் போகிறது.

ஆண்கள் பெரும்பாலும் பழைய பைக் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். குழுக் கடனோ தண்டல் வட்டியோ, எப்படியாவது. நகரத்துக்குள் போய் வர 50, 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நாளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும் நூறு ரூபாய் போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். 300 வேலை நாளுக்கு அது 690 கிலோ. முன்பு இதே மனிதர் நடந்து போனார், அல்லது சைக்கிளில் போனார். அவர் புதிதாக எந்தச் சுகத்தையும் அடையவில்லை, எந்த ஊதாரித்தனமும் செய்யவில்லை. அவரை நகர்த்தி வைத்ததன் மூலம் அரசே அந்தப் புகையைத் தயாரித்தது. தமிழ்நாடு 2070-க்கு முன்பே நிகரப் பூஜ்ய உமிழ்வை எட்டும் என்று மேடையில் உறுதியளிக்கும் அரசும் இதே அரசுதான்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணத் திட்டத்தை இந்த இடத்தில் மனதாரப் பாராட்ட வேண்டும். அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. சென்னையில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அது அரிசிக்கும் காய்கறிக்குமான காசு. தொலைவு சுமத்திய சுமையில் ஒரு பகுதியை அந்தத் திட்டம் இறக்கி வைத்தது. ஆனால் டிக்கெட் காசைத் திருப்பித் தரலாம், தினமும் போகும் மூன்று மணி நேரத்தைத் தர முடியாது. பஸ்ஸே வராத இடத்தில் இலவசப் பயணத்துக்கும் பொருள் இல்லை. ஒரு கோடி மக்கள் புழங்கும் இந்த நகரத்தில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டுவது மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். பெங்களூரில் 6,000-க்கும் மேல் ஓடுகின்றன.

இந்த மக்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதைத் தனியாகவே பேச வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் பள்ளிக்கரணைக் கழுவெளியையும் அதன் நீர்ப்போக்கையும் ஒட்டியவை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கே வந்து தங்கி, மெல்ல ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறிக் கடலுக்குப் போகும். 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியிருந்தது 1,247 ஹெக்டேர்தான். மற்றதை விழுங்கியது யார்? பெருங்குடிக் குப்பைமேடு, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள், ரயில் நிலையம், சாலைகள், அடுக்குமாடிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களை இங்கே வெள்ளம் சூழ்ந்தது. இதற்கு மேலும் அந்தச் சொல்லை ஓர் அதிகாரி வாய்கூசாமல் சொல்ல முடியுமானால், நம் நிர்வாகத்தின் மனசாட்சி எங்கே இருக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கழுவெளியை ஒட்டிப் பெரும் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு குறுக்கிட வேண்டி வந்தது. ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நிலத்தை அளந்து முடிக்கும்வரை கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு நிலம் உலக அளவில் முக்கியமானது என்று பிரகடனம் செய்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அதன் எல்லையை அளக்காமல் வைத்திருப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்ல முடியாது. எல்லை தெரியாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்பது ஊரறிந்தது.

ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டையும் நேருக்கு நேர் பார்ப்போம். கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் என்றால், பறக்கும் ரயிலுக்காகப் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே தூண்களை நட்டது யார்? விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே பாலமாகக் கட்டியது யார்? ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெள்ளம் வரும் பாதையில் குழந்தைகள் படுத்துறங்கக் கூடாது என்பதிலும் இல்லை. கரையிலிருந்து எழுப்ப வேண்டியவர்களை எழுப்பத்தான் வேண்டும். ஆனால் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் குடியமர்த்துவதற்கும் 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவதற்கும் நடுவே இருப்பது நீரியல் அல்ல, நிலத்தின் விலை. ஏழை குடியிருக்க இந்த நிலம் விலை மிகுந்தது என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானம் எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்படவில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அதன் பிறகுதான், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் பக்கத்தில் இடம் இருந்தது. முதல் நாளே இருந்தது. அந்த அறிவிப்பு வெளிவர ஓர் உயிர் தேவைப்பட்டது என்பதை இந்த மாநிலம் எப்படி மன்னித்துக்கொள்ளப் போகிறது? அதிலிருந்து பாடம் கற்றதாகவும் தெரியவில்லை. 2025 மே மாதத்தில் அடையாற்றின் ஓரம் அனகாபுத்தூரில் மறுபடியும் பொக்லைன் நின்றது.

நகரத்துக்குள் இடம் இல்லை என்பது உண்மையா? கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கு 1945-ல் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கரை, வாடகை பாக்கி 730 கோடி ரூபாயைச் சுட்டிக்காட்டி 2024 செப்டம்பரில் அரசு தன் வசம் எடுத்தது. அங்கே குளம் வெட்டுவதும் பூங்கா அமைப்பதும் நல்லதுதான், தண்ணீருக்கும் இடம் வேண்டும். நாம் சொல்ல வருவது ஒன்றே: மனம் இருந்தால் நகரத்தின் நடுவிலேயே நூறு ஏக்கருக்கு மேல் ஒரே நாளில் மீட்க இந்த அரசால் முடிகிறது. பறக்கும் ரயில் நிலையங்களில் பெரிய பெரிய தளங்கள் ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி ரயில்வே நிலம், பொதுப்பணித் துறை நிலம், வீட்டு வசதி வாரிய நிலம். ரயிலுக்கு ஆள் இல்லை என்று ஒருபுறம் புலம்பிக்கொண்டே, ரயிலை உபயோகிக்கக்கூடிய மக்களைத் தண்டவாளமே இல்லாத ஊருக்கு அனுப்பியிருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சென்னையில் கட்டட விதிப்படி ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 134.5 சதுர அடி. இரண்டு கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு 269 சதுர அடி. கண்ணகி நகரில் ஐந்து, ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசு கட்டிக் கொடுத்த முதல் வீடுகள் இதைவிடச் சிறியவை. நகரத்துக்குள் ஓர் அடுக்குமாடியில் இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறோம். இத்தனை வீட்டில் ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் செவிலிக்கும் இத்தனை வீடு என்ற விதியை அந்தக் கண்டிப்போடு போடவில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. பெரிய குடியிருப்புகளைக் கட்டுவோர் வீட்டுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டு விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. பணம் அரசுக்குப் போகிறது, வீடு புறநகருக்குப் போகிறது. கார் நிறுத்துமிடத்துக்கும் பணத்துக்கும் இப்படி எளிதாகப் பரிமாற்றம் நடப்பதில்லை.

நடுத்தரக் குடும்பங்களும் இதிலிருந்து தப்பவில்லை. கோடம்பாக்கத்திலோ பெரம்பூரிலோ வாடகை கொடுத்து முடியாதவர்கள் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், கேளம்பாக்கம், படப்பை என்று போய் இருபது வருட வங்கிக் கடனில் வீடு வாங்குகிறார்கள். சதுர அடி விலை குறைவு என்பதற்காக வாங்குகிறார்கள். அங்கிருந்து கிண்டிக்கோ அம்பத்தூருக்கோ போய் வரும் பெட்ரோலையும் நேரத்தையும் அந்த விலையோடு கூட்டினால் அது குறைந்த விலையே இல்லை என்பது நாலைந்து ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் ஏரி, வயல், மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டிருக்கின்றன. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-ல் விரித்துவிட்டோம். கோட்டை விரித்தால் மட்டும் போதாது, அதற்குள் ஆள் எப்படிப் போய் வருவார் என்பதையும் யோசிக்க வேண்டும். 88 ஏக்கரில் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது, எதிரிலேயே ஓடும் மின்சார ரயில் நிற்க அங்கே ஒரு நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோவுக்கு அலைந்தவர்களின் பாட்டை யார் ஏற்றுக்கொண்டார்கள்?

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வேண்டிய திட்டம்தான். அதில் ஒரு வழித்தடம் பெரும்பாக்கம் வழியாகவே சோழிங்கநல்லூருக்குப் போகிறது. ஆனால் கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல் பொதுப்பணம் கொட்டி ரயில் விடும்போது, அதன் இருபுறமும் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் யாருடையது? வரி கட்டிய எல்லாருடையதும். தீப்பெட்டி வாங்கியவரும் வரி கட்டியிருக்கிறார். இன்றைய நிலையில் அந்த ஏற்றம் முழுக்க நில உடைமையாளருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் போகிறது. மெட்ரோ ஓரங்களில் கூடுதல் மாடி கட்ட அனுமதி என்பது காற்றுக்கும் காலநிலைக்கும் நல்லது. அதை எதிர்ப்பவர்களோடு நாம் சேர மாட்டோம். ஆனால் அந்தக் கூடுதல் மாடியில் ஒரு பங்கு, அந்த நிலையத்திலேயே இறங்கி வேலைக்கு வரும் மக்களுக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில் கிடைக்க வேண்டும். பணமாக வாங்கிக்கொள்ளக் கூடாது, அந்த இடத்திலேயே வீடாக வாங்க வேண்டும். இல்லையென்றால் மெட்ரோவே அடுத்த வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடும். ரயில் வந்தது, வாடகை ஏறியது, குடித்தனக்காரர் காலி செய்தார் என்ற கதை வடபழனியிலும் அசோக் நகரிலும் வீடு தேடியவர்களுக்குத் தெரிந்த கதை.

இனி நம்மைப் பற்றி. இந்தத் தலையங்கத்தை வாசிக்கும் பலருக்கும் சொந்த வீடோ ஓரளவு நல்ல வாடகை வீடோ இருக்கும். வாரியக் குடியிருப்பு எங்கள் தெருப் பக்கம் வேண்டாம் என்று மனு எழுதும் குடியிருப்போர் நலச் சங்கங்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு, சுத்தம், குழந்தைகள் என்று அந்த மனுவில் காரணங்கள் இருக்கும். சாதி என்ற சொல் மட்டும் இருக்காது. ஆனால் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்குப் போனவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய ஏற்பாட்டை எட்டு மாடிக் கான்கிரீட்டில் மறுபடியும் கட்டியிருக்கிறோம். முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வங்கிக் கடன் மறுக்கப்படுகிறது, வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள், போலீஸ் ஒரு மாதிரி பார்க்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அந்தக் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் அந்த முகவரியோடு வேலை கிடைத்தால் அந்தக் கொண்டாட்டத்துக்கு அர்த்தம் கூடும்.

மாற்றம் தொடங்கவே இல்லை என்று சொல்ல மாட்டோம். இடிந்து விழும் நிலையில் இருந்த பழைய வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் கட்டடம் ஒன்று சரிந்தது. குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அதன் பிறகு இந்த வேலைக்கு வேகம் வந்தது. இருந்த இடத்திலேயே கட்டுவதுதான் சரி. ஆனால் புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் தொட்டால் உதிர்ந்த பூச்சை 2021-ல் தமிழ்நாடே பார்த்தது. ஏழைக்கு என்றால் எப்படிக் கட்டினாலும் போதும் என்ற எண்ணத்துக்கு வேறு சான்று வேண்டாம். பயனாளி பங்குத் தொகை என்று லட்சக்கணக்கில் கேட்டால், பழைய இடத்திலேயே வீடு கட்டினாலும் பழைய ஆட்கள் அங்கே இருக்க முடியாது.

சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரை இந்த நகரத்தின் தலையெழுத்தை எழுதப் போகிறது. அதில் நாம் எதிர்பார்ப்பது இதுதான்: ஆற்றோரத்திலிருந்து எழுப்பப்படும் எந்தக் குடும்பத்தையும் அதன் பழைய வேலையிடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிக் குடியமர்த்தக் கூடாது என்பது சட்டமாக இருக்க வேண்டும். கழுவெளியையும் ஏரிகளையும் அவற்றின் வடிகால்களையும் அளந்து, வரைபடத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் ஏழைக்கும் பணக்காரனுக்கும் அரசுத் துறைக்கும் ஒரே மாதிரி அனுமதி மறுக்கப்பட வேண்டும். ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள அரசு நிலத்தை ஏலம் விட்டுக் காசாக்குவது நின்று, அங்கே வாடகை வீடுகள் எழ வேண்டும். விற்கும் வீடு கைமாறிவிடும். அரசின் கையில் இருக்கும் வாடகை வீடு அடுத்த தலைமுறைத் தொழிலாளிக்கும் உதவும். பஸ்களின் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் மெட்ரோ கட்டும் செலவில் சில நூறு பஸ் வாங்கலாம் என்னும்போது பணம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏற்கெனவே அனுப்பப்பட்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 2046 வரை காத்திருக்க முடியாது. அவர்களுக்கு இந்த ஆண்டே செய்ய வேண்டியவை இருக்கின்றன. நின்றுபோன லிஃப்டுகள் ஓட வேண்டும், அதற்கான செலவை வாரியம் ஏற்க வேண்டும். காலை நாலரை மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் மயிலாப்பூர், சைதாப்பேட்டை, சென்ட்ரல் பக்கம் வெள்ளை போர்டு பஸ் ஓட வேண்டும். பணம் கட்டி முடித்த பிறகும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராதவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். நகரத்துக்குள் வாரியம் கட்டும் ஒவ்வொரு புதிய கட்டடத்திலும், திரும்பி வர விரும்பும் இந்தக் குடும்பங்களுக்கு முதல் உரிமை என்று அரசாணை வர வேண்டும். யாரை எந்தத் தெருவிலிருந்து எந்தத் தேதியில் ஏற்றிச் சென்றோம் என்ற பட்டியல் வாரியத்திடம் இருக்கிறது. அந்தப் பட்டியலின்படியே அழைத்து வரட்டும்.